மாத்திரை இலவசம்... அரிசி?

காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். சரி, சோறு? உத்திரமேரூர் வட்டாரத்தில் நாற்று நடவும் களை எடுக்கவும் போகிற ஒருவர், இருமலும் காய்ச்சலுமாக இரண்டு மாதம் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். சத்தில்லாத உடம்பு சீக்கிரம் தேறாது. கொஞ்சம் தெம்பு வந்ததும், "இப்ப தேவலை" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். மருந்துக்கு அடங்காத கிருமி உருவாக இதுவே வழிவிடுகிறது.

இதற்காகவே மத்திய அரசு 2018 ஏப்ரலில் 'நிக்ஷய் போஷண்' திட்டத்தைக் கொண்டுவந்தது. சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரிலிருந்து அது 1,000. ஆறு மாத வைத்தியம் என்றால் முதலில் 3,000, 84 நாள் முடிந்ததும் இன்னொரு 3,000. தனியார் டாக்டரிடம் வைத்தியம் பார்ப்பவருக்கும் உண்டு. காசநோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012 முதலே விதி இருக்கிறது. "டாக்டர், என் பேரை நிக்ஷய்ல பதிஞ்சாச்சா? நம்பர் என்ன?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பதிந்த பிறகும் பணம் வராமல் நிற்பது உண்டு. பல சமயம் காரணம், பேங்க் பாஸ்புக்தான்! எப்போதோ ஆரம்பித்த கணக்கு, வருஷக்கணக்கில் வரவு செலவு இல்லாமல் முடங்கிக் கிடக்கும். ஆதாரில் 'கன்னியம்மா', பாஸ்புக்கில் 'கன்னியம்மாள்'. ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் வீட்டுக்காரர் இனிஷியல். பராந்தக சோழன் காலத்தில், அதாவது 1,100 வருஷத்துக்கு முன்னால், ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஆள் தேர்ந்தெடுத்ததைக் கல்வெட்டாக வைத்திருக்கும் ஊர் உத்திரமேரூர். அன்றைக்கு ஒரு ஓலையில் பேர் இருந்தால் போதும். இன்றைக்கு மூன்று இடத்தில் ஒரே மாதிரி இருக்கணும்!

ஆகவே, நோய் தெரிந்த அன்றே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். பேங்குக்கு நேரில் போய், "கணக்கு உயிரோட இருக்கா, ஆதார் சேர்த்தாச்சா?" என்று கேட்டுவிடுங்கள். கணக்கே இல்லையென்றால், ரத்த சொந்தத்தின் கணக்கைக் கொடுக்க முடியுமா என்று காசநோய்ப் பிரிவில் விசாரியுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் இதே கதைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ரொக்கம் 14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். நாள் தள்ளியதும் கிராம நர்சம்மாவிடம் சொல்லி, 12 வாரத்துக்குள் பதிந்துகொள்ள வேண்டும். "மூணு மாசம் ஆகட்டும், அப்புறம் வெளியில சொல்லலாம்" என்று மாமியார்கள் தள்ளிப்போடுவதில் தவணை கைநழுவிப் போகும். ஊருக்குச் சொல்ல வேண்டாம். நர்சம்மாவுக்கு மட்டும் சொல்லுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையும் அப்படித்தான். 2012-ல் தொடங்கிய திட்டம். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகுதான் அந்த அட்டை ஞாபகமே வரும்! வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் தேடிக்கொண்டு, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்கு அப்போது ஓடுவது யார்? உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். ஒரு விஷயம்: சாதாரணக் காய்ச்சலுக்கு கிளினிக்கில் கட்டும் பீஸ் இதில் வராது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான்.

படிக்கத் தெரியாதவர், வயதானவர், தனியாக இருப்பவர்... இவர்களிடம் "மனு கொடுங்க" என்று சொல்லி அனுப்பினால் மனு போய்ச் சேராது. கூட ஒருத்தர் போகணும். பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நீங்கள் போங்களேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் அக்காவிடமும் கேட்கலாம். யாரைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். அதை மாத்திரைக் கவரிலேயே மடித்து வையுங்கள். அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது, பணம் வந்ததா என்று அதைக் காட்டியே கேட்டுவிடலாம்.