உங்களுக்குத் தெரியுமா? பேட்டரியை மாற்றும் முன்...

காலையில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் நல்ல பேட்டரியும் முக்கும். நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, வெந்நீரால் கழுவித் துடைத்து, கிளாம்பை இறுக்கிப் பாருங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது.

12 வோல்ட் பேட்டரிக்குள் 6 செல்கள் இருக்கின்றன. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், ஆக மொத்தம் 12.6. வண்டியை நிறுத்திய கையோடு மல்டிமீட்டர் வைத்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் அளப்பதே சரி. 12.2 என்றால் சார்ஜ் பாதிதான். 12-க்கும் கீழே என்றால் ஏறக்குறைய காலி. ஆனால் காலியான பேட்டரி எல்லாம் கெட்ட பேட்டரி அல்ல! உள்விளக்கை அணைக்க மறந்திருக்கலாம், வண்டி பல வாரம் ஓடாமல் நின்றிருக்கலாம். முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பிறகு சோதிக்காமல் ஒரு பேட்டரியையும் தள்ளக் கூடாது.

12.6 காட்டும் பேட்டரியும் கைவிடுவதுண்டு. தகடுகளில் சல்பேட் படிந்துவிட்டால் வோல்ட் இருக்கும், ஸ்டார்ட்டர் கேட்கும் ஆம்பியர் வராது. அதைக் காட்டிக்கொடுப்பது லோடு டெஸ்ட். முழு சார்ஜ் ஏற்றியும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

மூடி திறக்கும் வகை என்றால் ஹைட்ரோமீட்டர் போதும். முழு சார்ஜில் ஆசிடின் அடர்த்தி 1.265 அளவில் இருக்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த செல் போச்சு.

எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பாருங்கள். அதைக் கவனிக்காமல் புதிது போட்டால் அதுவும் படுத்துவிடும்.

பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெயில்தான். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வண்டி நின்றாலும், கெடுதல் தொடங்கியது பெரும்பாலும் அதற்கு முந்தைய கோடையில்.

24 வோல்ட் லாரி, பஸ்களில் இரண்டு பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது சார்ஜுக்குத் திணற, புதியது ஓவர்சார்ஜாகி வீணாகும். மாற்றினால் ஜோடியாகவே மாற்றுங்கள்.