தும்பியின் கணக்கு



கணக்கில் பிழைவிட்ட மாணவன் ஒருவனை, "உனக்கென்ன தும்பியளவு மூளையா?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். பின்னர் தும்பியைப் பற்றிச் சில நூல்களைப் படிக்க நேர்ந்தபோது, அறியாமை என்னுடையதே என்பதை உணர்ந்தேன்.

பட்டாம்பூச்சியைப் பிடிக்க ஓடும் குழந்தை, அது இருக்கும் இடத்தை நோக்கியே ஓடுகின்றது. குழந்தை போய்ச் சேருமுன் பூச்சி வேறிடம் சென்றுவிடும். தும்பி அவ்வாறு ஓடி ஏமாறுவதில்லை. கொசு சற்று நேரத்தில் எங்கே வந்து சேருமோ, அங்கே தானும் போய்ச் சேர்கின்றது. கீழிருந்து எழுந்து, கால்களைக் கூடைபோலக் குவித்து இரையைப் பற்றுகின்றது. 100 முறை பாய்ந்தால் 90 முறைக்கு மேல் வெற்றி பெறுவதாக ஆய்வாளர் கணித்திருக்கின்றனர்.

இஃது எங்ஙனம் இயலும்? மாலுமிகள் அறிந்த விதியொன்று உண்டு. நெருங்கி வரும் மற்றக் கப்பல் தென்படும் திசை சற்றும் மாறாதிருப்பின், இரு கப்பல்களும் மோதும். மாலுமி அஞ்சி விலகும் அந்நிலையையே தும்பி நாடுகின்றது. இரை தோன்றும் திசை மாறாவண்ணம் தன் பாதையைத் திருத்தித் திருத்திப் பறக்கின்றது.

பெரிய தும்பிகளின் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் ஏறத்தாழ 30,000 சிறுகண்கள் வரை உள்ளன. ஆயினும், இரையின் திசையை மூளையிலிருந்து சிறகுகளை இயக்கும் நரம்பு மையங்களுக்கு அறிவிப்பவை 8 சோடி நரம்புக் கலங்களே என 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் மற்றொரு விந்தையைக் கண்டனர். இரண்டு இரைகளை ஒத்த புள்ளிகளை ஒருங்கே காட்டியபோது, தும்பியின் மூளையிலுள்ள ஒரு நரம்புக் கலம் அவற்றுள் ஒன்றையே பற்றிக்கொண்டது. மற்றது இல்லாததுபோலவே இயங்கிற்று. கூட்டமாய்ப் பறக்கும் கொசுக்களிடையே ஒன்றைக் குறிவைக்க இத்தகைய கவனமன்றோ வேண்டும்!

2015ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர், பறக்கும் தும்பியின் தலையும் உடலும் திரும்பும் வகையை நுணுகி அளந்தனர். இரை எவ்வாறு நகரும் என்பதை மட்டுமன்றித் தன் உடல் திரும்புவதால் காட்சி எவ்வாறு மாறும் என்பதையும் தும்பி முன்கூட்டியே எதிர்பார்த்துத் தலையைத் திருப்புகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவற்றை வகுப்பிலே எடுத்துரைத்தபோது, முன்பு தலைகுனிந்து நின்ற அம்மாணவனே எழுந்து, "அப்படியானால் தும்பிக்குக் கணக்குத் தெரியுமா, சேர்?" என்று வினவினான்.

"தும்பிக்கு அந்தக் கணக்கு உடலோடு பிறந்தது, நமக்கோ கற்றால்தான் வரும். கற்பிக்க வேண்டிய நான் உன்னைக் கடிந்தது தவறு" என்றேன். அன்றுமுதல் அவ்வசைச்சொல்லை நான் எவரிடமும் கூறியதில்லை.