ஊரடங்கிய நாளில் உழைத்தோர்

துன்பம் நீங்கியதும் துணை நின்றாரை மறத்தல் மக்களியல்பு. கொரோனாக் கொள்ளைநோயின் கொடுமை தணிந்து சில ஆண்டுகள் சென்ற இந்நாளில், அக்காலத்தே நம்மைக் காத்தவர் யாவர், அவர்க்கு நாம் பட்ட கடன் யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் 21 நாட்களுக்கு நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பெற்றுப் பின்னரும் நீட்டிக்கப்பெற்றது. அந்நோய் மூச்சின் வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவரைப் பற்றுவதாதலின், மக்கள் நெருங்காதிருப்பின் தொற்றின் சங்கிலி அறும் என்பதே அதன் கருத்து. ஆயினும் உணவும் மருந்தும் குடிநீரும் ஒருநாளேனும் நிற்றற்குரியன அல்ல. குப்பையை அள்ளாது விடின் அதுவே வேறு நோய்க்கு வித்தாகும். ஆகவே, பலர் வீட்டினுள் அடங்கியிருத்தற்பொருட்டுச் சிலர் வெளியே உழைக்க வேண்டியதாயிற்று. பலர்க்கு வந்த ஆபத்தைச் சிலர் தம் தோளில் ஏற்றதனாலேயே ஊரடங்கு இயலுவதாயிற்று.

பழனிமலையடியில், மருதாநதி அணைக்கு அண்மையிலுள்ள அய்யம்பாளையம் போன்ற ஊரொன்றை எண்ணிப் பார்ப்போமாக. காய்கனிகள் பறித்த சின்னாளில் அழுகுவன. பறிப்பாரும் சுமப்பாரும் லாரி ஓட்டுவாரும் இன்றேல் உழவனுக்கு இழப்பும் நகரத்தார்க்குப் பசியுமே எஞ்சும். பசுவோ ஊரடங்கை அறியாது. இருவேளையும் பால் கறந்தேயாக வேண்டும். அரசினர் அறிவித்த 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும் பருப்பும் குடும்பங்களை அடைந்தது நியாயவிலைக் கடை ஊழியர் கைகளின் வழியே. செவிலியர் காய்ச்சல் கண்டாரைத் தேடிச் சென்றனர். தூய்மைப் பணியாளர் தெருத்தெருவாய்க் குப்பை அள்ளினர்.

இம்மலைக்கு இது புதிய செய்தி அன்று. சமவெளியின் நோய்களுக்கு அஞ்சிய அமெரிக்க மதுரை மிஷனார் 1845-ஆம் ஆண்டில் கொடைக்கானலிற் குடியிருப்பு அமைத்தனர். மோட்டார்ச் சாலை இல்லாத அந்நாளில் அவர்களையும் அவர்தம் பொருள்களையும் மலைமேற் கொண்டு சென்றவை சுமையாட்களின் தோள்கள். மிஷனாரின் பெயர்களை நாம் வரலாற்றிற் கற்கிறோம். சுமந்தவர் பெயரை அங்குக் காண்கிலோம்.

வள்ளுவனார் தம் நூலின் 11-ஆம் அதிகாரத்திற்குச் 'செய்ந்நன்றி அறிதல்' எனப் பெயரிட்டார். அங்கு நன்றி என்பது பிறர் செய்த நன்மை. நமக்குரிய கடமை அதனை அறிதல். 2020 மார்ச்சு 22-ஆம் நாள் மாலை 5 மணிக்கு நாடெங்கும் கைதட்டினோம். கையொலி சில நிமிடங்களில் ஓய்ந்தது. அறிதல் ஓய்தல் ஆகாது. தூரத்தே நின்று இயேசு பெருமானை வேண்டிக் குணம்பெற்ற தொழுநோயாளர் பதின்மருள், திரும்பிவந்து நன்றி கூறியவன் ஒருவனே. அவனும் பிறரால் இகழப்பட்ட சமாரியன். ஏனைய ஒன்பதின்மரைப் போல நாமும் ஆகலாமோ?

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 2020-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டரசு 'துப்புரவுப் பணியாளர்' என்னும் பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றிற்று. 2021 சனவரி 16-ஆம் நாள் தடுப்பூசி இடும் பணி தொடங்கியபோது, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் அதனை முதலிற் பெற்றவர் ஒரு தூய்மைப் பணியாளரே. கடையில் நின்றாரை முதலில் நிறுத்தவும் இந்நாடு அறியும் என்பதற்கு இது சான்று.

எனினும் பெயர் மாறியதனால் மட்டும் வாழ்வு மாறாது. உரிய கூதியமும் கையுறையும் அவர்க்குக் கிடைக்கின்றனவா என வினவுதல் கற்றோர் கடன். அதற்குமுன் நம் விடுதியிலேயே செய்தற்குரியன சில உள. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வேறு பிரித்து வைப்போம்; உடைந்த கண்ணாடியைத் தாளிற் சுற்றி வைப்போம்; நாள்தோறும் நம் தாழ்வாரத்தைப் பெருக்குவாரின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரால் அவரை மரியாதையுடன் அழைப்போம். செய்ந்நன்றி அறிதல் ஆங்குத் தொடங்கும்.