நியூட் தொட்டிக்கு எந்தச் செடி?

ஜப்பானின் நெல்வயல்களிலும் குளங்களிலும் வாழும் சின்ன உயிர் செவ்வயிற்று நியூட். பார்த்தால் பல்லி என்று தோன்றும், உறவோ தவளையோடு. முதுகு கருமை, வயிறு செக்கச்செவேல். ஹோன்ஷு, ஷிகோகு, கியூஷு தீவுகள்தான் இதன் பூர்விகம். நன்றாகப் பராமரித்தால் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பதால், ஆசையோடு இதைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அந்தத் தொட்டிக்குச் செடி வாங்கும்போது கண்ணுக்கு அழகானதைத் தேடினால் போதாது. கடைகளில் கிடைக்கும் நீர்ச்செடிகளில் பல, வெதுவெதுப்பான நீருக்கும் பளிச்சென்ற விளக்குக்கும் பழகியவை. நியூட்டுக்கு வேண்டியது 15 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ந்த நீரும் மங்கிய வெளிச்சமும். செடி செழிக்கட்டும் என்று சூட்டையும் வெளிச்சத்தையும் கூட்டினால் வதைபடுவது நியூட்தான்.

முட்டைக்கு மெல்லிலை

பெண் நியூட் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். பின்னங்கால்களால் இலையை மடித்து, முட்டையை அதற்குள் பொதிந்து வைக்கும். இதற்கு வளைந்துகொடுக்கும் மெல்லிய இலை வேண்டும்; எஜீரியா என்னும் நீர்ச்செடி பொருத்தமானது. வேரே இல்லாத ஹார்ன்வொர்ட்டை நீரில் மிதக்கவிட்டாலே போதும். இரண்டும் குளிரைத் தாங்கும். வேகமாக வளர்ந்து, கழிவிலிருந்து நீரில் சேரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். ஜாவா பாசி, குஞ்சுகள் ஒளிந்துகொள்ளத் தோதான புதர்.

ஓய்வுக்கு அகன்ற இலை

அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கும். மண்ணில் நடாமல் கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிடலாம். இரையோடு சேர்த்துப் பொடிக்கற்களை விழுங்கும் ஆபத்து நியூட்டுக்கு உண்டு என்பதால், அடியில் கல் பரப்பாமலே செடி வளர்க்க முடிவது பெரிய வசதி. மிதக்கும் செடிகள் நிழல் தரும். ஆனால் நியூட் மேலே வந்து காற்றை உறிஞ்சும். நீர்ப்பரப்பு முழுவதையும் மூட விடக்கூடாது.

தொட்டியில் இடும் முன்

கடைச்செடியில் பூச்சிமருந்தோ, தாமிரம் கலந்த நத்தைமருந்தோ ஒட்டியிருக்கலாம். நியூட்டின் மெல்லிய தோல் அதை எளிதில் உறிஞ்சிவிடும். ஆகவே செடியை நன்றாக அலசி, சில வாரங்கள் தனிப் பாத்திரத்தில் நீரை மாற்றி மாற்றி வைத்திருப்பது நல்லது. குளத்துச் செடிகளைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. நியூட் உள்ளிட்ட சாலமாண்டர் இனங்களைக் கொன்றுவரும் பூஞ்சை ஒன்று 2013-இல் அடையாளம் காணப்பட்டது, அது நீரின் வழியாகவும் பரவும். நியூட்டின் தோலில் டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு இருக்கிறது. செடியைக் கத்தரித்த பின் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

கத்தரித்த தண்டுகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ வீசவே கூடாது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த எஜீரியா, இன்று ஜப்பானின் ஆறுகளிலும் ஏரிகளிலும் படர்ந்து நிற்கும் அந்நியக் களை. செவ்வயிற்று நியூட்டோ, அருகிவரும் உயிரினங்களைக் குறிக்கும் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. தொட்டிக்குள் ஒரு நியூட்டைப் பேணுபவருக்கு, வெளியே வாழும் நியூட்டுகளின் நீரைக் கெடுக்காமல் காப்பதும் கடமை.