சிரையில் ஏறும் உப்புநீர்

பழவேற்காடு ஏரியில் உப்பு ஆண்டு முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொணர, உப்பு குறைகிறது, கோடையில் ஏறுகிறது. மடவை மீன் இதைத் தாங்கும். நம் இரத்த அணுக்கள் தாங்கமாட்டா.

ஆகவேதான் சிரைவழி ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்று வரையறுத்திருக்கிறார்கள். கடல்நீரில் சுமார் 35 கிராம். வெறும் நீர் இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உப்பி வெடிக்கும். உப்பு மிகுந்தால் சுருங்கும்.

வேகமும் முக்கியம். காலராவால் நீர்வறட்சி முற்றிய 50 கிலோ எடையுள்ளவருக்கு முதல் அரை மணியில் ஒன்றரை லிட்டர் ரிங்கர் லாக்டேட் தேவைப்படும். அதே வேகம் இதய நோயாளிக்கு நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். பொட்டாசியம் குளோரைடையோ நீர்க்காமல் செலுத்தினால் இதயமே நின்றுவிடலாம்.

கடலுக்குப் போய்வந்த அசதிக்கு 'ஒரு பாட்டில் குளுக்கோஸ்' கேட்பவர்கள் உண்டு. 5 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை, அவ்வளவே! குடிக்க முடிந்தவருக்கு ஊசி எதற்கு? வயிற்றுப்போக்கிலும் பெரும்பாலோருக்குக் குடிநீர்க் கரைசலே போதும். 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சிரைத் திரவம் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது.

திரவம் ஏறும்போது நடுக்கமோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே செவிலியரை அழையுங்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் சிலர் குழாயின் திருகைத் தாமே தளர்த்திவிடுகிறார்கள். அதைத் தொடவே கூடாது.