கப்பல் புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

அரச மலேசியக் கடற்படையின் ரோந்துக் கப்பல் ஒன்றுக்கு நம் மாநிலத்தின் பெயர்: 2006இல் பணியில் சேர்ந்த கேடி கெடா. நீர்மூழ்கி ஒன்று அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மானின் பெயரைத் தாங்கி ஓடுகிறது. 1967இல் பிரிட்டிஷ் அதிகாரியிடமிருந்து கடற்படைத் தலைமையை வாங்கிக்கொண்ட முதல் மலேசியர் ஒரு தமிழர், 31 வயது கே. தனபாலசிங்கம். இவ்வளவு இருந்தும், சுங்கைப் பட்டாணியிலோ பாடாங் செராயிலோ ஒரு தமிழ் வீட்டுப் பிள்ளை கடற்படைக்குப் போனால் அந்தத் தாமானில் அவரைப் போல இன்னொருவர் இருப்பது அபூர்வம். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு, நீ இந்த ஆபீசுக்குப் போ" என்று அவர் மனைவிக்குச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. அந்தப் பெண்ணுக்காகவும், அவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் மாமியார் மாமனாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

கடற்பயணம் எப்போது நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2008 ஆகஸ்டில் ஏடன் வளைகுடாவில் பூங்கா மெலாத்தி டுவா, பூங்கா மெலாத்தி லீமா என்ற இரண்டு மலேசிய எண்ணெய்க் கப்பல்களைச் சோமாலியக் கடற்கொள்ளையர் அடுத்தடுத்துப் பிடித்தார்கள். கேடி லெக்கியு, கேடி ஸ்ரீ இந்திராபுரா, கேடி ஸ்ரீ இந்திரா சக்தி ஆகியவை அங்கே விரைந்தன. ஓப்ஸ் ஃபஜார் என்ற அந்த நடவடிக்கை அதோடு முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் வீரர்கள் மாறி மாறி அந்தக் கடலுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் பூங்கா லாரல் கப்பலைக் கொள்ளையரிடமிருந்து மீட்டவர்களும் அப்படிப் போயிருந்த, பாஸ்கல் எனும் கடற்படைச் சிறப்புப் படை வீரர்கள்தான். சபா கிழக்குக் கரை, தென்சீனக் கடலின் லாயாங் லாயாங் தீவு என்று காவல் இன்றும் தொடர்கிறது.

கடற்படைக் குடும்பங்களுக்கு உதவி இல்லாமல் இல்லை. லுமுட் கடற்படைத் தளத்தில் குடும்பக் குடியிருப்பு, மருத்துவமனை, பாக்காட் என்ற குடும்ப நல அமைப்பு எல்லாம் உண்டு. ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் தளத்தைச் சுற்றியே இருக்கிறது. கணவர் கடலில் இருக்கும் காலத்தில் மனைவி பிள்ளைகளோடு கெடாவுக்கு, மாமியார் வீட்டுக்கோ தாய் வீட்டுக்கோ வந்துவிட்டால், பாக்காட் அக்காமார் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். எனவே, கப்பல் புறப்படுவதற்கு முன்பே கணவரின் பிரிவில் குடும்பநலப் பொறுப்பில் இருப்பவரின் பெயர், தொலைபேசி எண், கணவரின் படை எண் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாக்காட்டின் புலனக் குழுவில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். அமெரிக்கக் கடற்படையில் 1970 முதல் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு மாலுமியின் மனைவியையே குடும்பங்களின் குரலாக நியமித்தார்கள். குறை எதுவானாலும் அவர் நேரே கப்பல் தலைவரிடம் பேசலாம். தளத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

தளத்துக்குத் தொலைபேசி எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. லுமுட் இருக்கும் பேராவில் சனியும் ஞாயிறும். இரண்டு பக்கமும் அலுவலகம் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை மட்டுமே. இரண்டு பக்க அலுவலகமும் சேர்ந்து தீர்க்க வேண்டிய சிக்கல் வியாழன் மாலை வந்தால் திங்கள்வரை காத்துக் கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் முதலில் வருவது திருமணப் பதிவு. இதைத்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லி, ஊரே கூடி, தாலி கட்டியாயிற்று. "பதிவை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அரசாங்கத்துக்கு அந்தத் தாலி சாட்சியாகாது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் அதன்படி பதிவாக வேண்டும். பதிவுத் துறை என்று நாம் சொல்லும் ஜேபிஎன்னில் இருவரும் நேரில் போய் விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்கும், பிறகுதான் பதிவு. சில கோயில்களில் உதவிப் பதிவாளர்களும் உண்டு. கணவர் கடலில் இருந்தால் இருவரும் நேரில் நிற்பது எப்படி? ஆகவே அவர் விடுப்பில் வரும் நாளைக் கணக்கிட்டு முன்கூட்டியே தேதி வாங்குங்கள்.

பதிவில்லாவிட்டால் என்ன ஆகும்? படைப் பதிவேட்டில் மனைவி என்று உங்கள் பெயர் ஏறாது. குடியிருப்பு, மருத்துவச் சலுகை, பின்னாளில் ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சான்றிதழையே கேட்பார்கள். மணப்பெண் தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவரானால் பாதிப்பு பிள்ளைக்கும் போகும். பதிவுக்கு முன் பிறந்த குழந்தை சட்டப்படி தாயின் குடியுரிமையைத்தான் பெறும். நம் ஊர்களில் அடையாள அட்டை இல்லாமல் அலையும் பிள்ளைகள் பலரின் கதை இப்படித் தொடங்கியதுதான். பதிவு முடிந்த கையோடு சான்றிதழின் நகலைக் கணவரின் பிரிவில் ஒப்படைத்து, பதிவேட்டில் பெயர் ஏறியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குக் கெடா மாநில இஸ்லாமியச் சட்டம் பொருந்தும். அவர்கள் மாவட்டச் சமய அலுவலகத்தை அணுக வேண்டும்.

அடுத்தது பணம். முன்பெல்லாம் கணவரின் ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் மனைவியிடம் இருந்தால் போதும், வீடு நடந்தது. இப்போது இணையத்தில் ஒரு கட்டணம் செலுத்தினால் வங்கி அனுமதி கேட்பது அவர் கைப்பேசியில் உள்ள செயலியிடம். அந்தக் கைப்பேசியோ சிக்னலே இல்லாத கடலில். மின்சாரக் கட்டணத்திலிருந்து பிள்ளையின் டியூஷன் வரை எல்லாம் நின்றுபோகும். உங்கள் பெயரில் தனிக் கணக்குத் திறந்து, மாதா மாதம் சம்பளத்திலிருந்து ஒரு தொகை தானாக வந்து விழும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுக்கச் சொல்லுங்கள். காருக்கு மாதத் தவணை அவர் பெயரில் ஓடினால் அதற்கும் தானியங்கி ஏற்பாடு வேண்டும். அடுத்தடுத்து 2 தவணை தவறினால் 21 நாள் அவகாசம் தரும் அறிவிப்பை அனுப்பிவிட்டுக் காரை இழுத்துப்போகச் சட்டம் இடம் தருகிறது. அவர் பெயருக்கு வரும் பதிவுத் தபாலைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

கையில் காசு முடைப்படும் மாதத்தில்தான் ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரன் வருவான். விளக்குக் கம்பத்தில் ஒட்டிய நோட்டீசில் "உடனடிக் கடன்" என்றிருக்கும். அடகாக ஏடிஎம் கார்டைக் கேட்பான். தோட்டங்களில் பல காலமாக நடக்கும் கொடுமை இது. கார்டு அவனிடம் போனபின் சம்பள நாளன்று முதலில் எடுப்பவன் அவன், மிச்சம்தான் நமக்கு. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, பிணையுள்ள கடனுக்கு 12 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டம். வாரத்துக்கு இவ்வளவு என்று பேசுகிறவன் சட்டத்துக்கு வெளியே நிற்பவன். ஏற்கெனவே சிக்கியிருந்தால் வங்கியில் கார்டை ரத்து செய்துவிட்டுப் போலீஸில் புகார் கொடுங்கள். வங்கிக் கடன் சுமைக்கு ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்கிறது. வெட்கப்பட்டு மறைப்பதால் ஆலோங்குக்குத்தான் லாபம்.

இன்னொரு வகைக் கொள்ளை தொலைபேசியில் வரும். "உங்கள் கணவர் வெளிநாட்டுத் துறைமுகத்தில் பிடிபட்டிருக்கிறார், உடனே பணம் அனுப்புங்கள்" என்ற அழைப்பு வந்தால் எதுவும் பேசாமல் வைத்துவிட்டு, நீங்கள் எழுதி வைத்திருக்கும் பிரிவு எண்ணுக்கு அழையுங்கள். பணம் போய்விட்டதென்றால் அந்த நிமிடமே 997க்கு அழைக்க வேண்டும்; தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும். "என் வீட்டுக்காரர் இந்தக் கப்பலில், இந்த இடத்தில், இன்னும் இத்தனை மாதம்" என்று ஃபேஸ்புக்கில் போடவே போடாதீர்கள். வீட்டில் ஆண் துணை இல்லை என்று திருடனுக்குச் சொல்வதும், கப்பல் எங்கே என்று வேண்டாதவனுக்குச் சொல்வதும் அந்த ஒரே பதிவில் நடந்துவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். பள்ளியிலோ வேறு அலுவலகத்திலோ "அப்பா கையெழுத்து வேண்டும்" என்று திருப்பி அனுப்பினால் பணிந்து வந்துவிடாதீர்கள். 1961ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவலர் சட்டம் 1999இல் திருத்தப்பட்டு, முஸ்லிம் அல்லாத தாய்க்குத் தந்தைக்குச் சமமான உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் சொந்த அறுவைச் சிகிச்சைக்கும் உங்கள் சம்மதமே போதும். வீடு, நிலம் போன்ற காரியங்களுக்கு மட்டும் கணவரின் அதிகாரப் பத்திரம் தேவைப்படும். அதை உயர் நீதிமன்றத்தில் பதிந்தால்தான் செல்லும்.

மனம் தளர்ந்துபோவதைப் பற்றி நம் வீடுகளில் பேசவே கூச்சம். இரவில் தூக்கமில்லை, குழந்தையின் மேல் காரணமில்லாத கோபம், மாமியார் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் குத்துகிறது என்றால் 15555 என்ற சுகாதார அமைச்சின் மனநல எண்ணில் பேசலாம். பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் அப்பா கடலில் இருக்கிறார் என்ற ஒரு தகவலைச் சொல்லி வையுங்கள். ஒதுங்கி உட்காரும் பிள்ளையை அவர் வேறு கண்ணோடு பார்ப்பார். வீட்டில் யாராவது கை ஓங்கினால், அது கணவரே ஆனாலும், 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை அழையுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு சமூக நல அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தர முடியும். கணவர் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டால், ஜீவனாம்சம் கேட்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் சட்ட உதவித் துறையை நாடலாம், அலோர் ஸ்டாரில் கிளை உண்டு.

சொல்ல மனம் வராத விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 ஏப்ரல் 23 அன்று லுமுட்டில் ஒத்திகையின்போது கடற்படையின் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதிக்கொண்டன. பத்துப் பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு தமிழ் இளைஞரும் இருந்தார். போர் இல்லை, புயல் இல்லை, தளத்திலேயே நடந்த விபத்து.

சாதாரண நிலை வீரர்கள் சம்பளத்தில் 10 விழுக்காட்டை எல்டிஏடி எனும் படையினர் நிதிக்குக் கட்டாயமாகச் செலுத்துகிறார்கள், அரசாங்கம் 15 விழுக்காடு சேர்க்கிறது. அந்த நிதியில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பேராசையல்ல. ஆயுள் காப்புறுதியில் இன்னும் கவனம் தேவை. கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைக் கொடுத்திருப்பார். முஸ்லிம் அல்லாதவர் மனைவியும் பிள்ளையும் இல்லாத காலத்தில் பெற்றோரை நியமித்தால் அது சட்டப்படி ஒரு 'டிரஸ்ட்' ஆகிவிடும். திருமணம் ஆனதால் தானாக மாறாது. மனைவிக்கென்று புதிய பாலிசி எடுப்பதா, பழையதை மாற்ற முடியுமா என்று முகவரிடம் இருவரும் சேர்ந்தே கேளுங்கள்.

உயிலில்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பிள்ளை இல்லையென்றால் மனைவிக்கும் பெற்றோருக்கும் சரிபாதி. தோட்டத்தில் பால் வெட்டி மகனைப் படிக்கவைத்த தாய்க்கு ஒரு பங்கு போவதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் திருமணம் பதிவாகவில்லையென்றால் மனைவியின் பங்கே வழக்காகும், பிள்ளைகளின் பங்கும் கேள்விக்குள்ளாகும். உயில் எழுதுவது பெரிய வேலையில்லை. 18 வயது நிரம்பியவர், இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டால் போதும். சொத்துப் பெறுபவரும் அவர் வாழ்க்கைத் துணையும் சாட்சியாக இருக்கக்கூடாது. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். கடலில் இருக்கும் மாலுமிக்குச் சாட்சியில்லாமலே உயில் சொல்லும் சலுகை சட்டத்தில் உண்டு, ஆனால் அதை நம்பி இருந்துவிட வேண்டாம். அதிகாரப் பத்திரம் கொடுத்தவர் இறந்ததும் பொதுவாக அதுவும் செல்லாது.

வணிகக் கப்பலில் போகும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு இந்த அளவு பாதுகாப்பும் கிடையாது. 2010 நவம்பரில் சோமாலியர் பிடித்த எம்வி அல்பெடோ மலேசியக் கொடி பறந்த கப்பல். இலங்கை, இந்திய, வங்கதேச மாலுமிகள் சிலர் 2014 ஜூனில்தான் வீடு திரும்பினார்கள். மூன்றரை ஆண்டு அவர்கள் குடும்பங்கள் கதவு கதவாகத் தட்டின. மலேசியா 2013இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இன்று ஒரு பிடிமானம். ஒரு மாலுமியை 12 மாதத்துக்குள் ஊருக்கு அனுப்பியாக வேண்டும். 2 மாதச் சம்பளம் தராமல் கைவிட்டால், கப்பல் உரிமையாளர் வைத்திருக்க வேண்டிய நிதிப் பிணையிலிருந்து 4 மாதம் வரையான சம்பளத்தையும் ஊர் திரும்பும் செலவையும் கோரலாம். அப்படிக் கோர, வேலை ஒப்பந்தத்தின் நகல் வேண்டும். பிள்ளை விமானம் ஏறுமுன் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, கப்பலின் பெயர், அதன் ஐஎம்ஓ எண், ஆள் சேர்த்த நிறுவனத்தின் முகவரி ஆகியவற்றோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைக் காட்ட மறுக்கும் முகவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.