ஸ்டோக் மாண்டவில் விளையாட்டுப் போட்டிகள்

ஸ்டோக் மாண்டவில் விளையாட்டுப் போட்டிகள் என்பவை, தண்டுவடக் காயத்தால் நடக்கும் ஆற்றலை இழந்தோருக்காக இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1948 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட போட்டிகள் ஆகும். சிகிச்சையின் ஒரு பகுதியாகத் தோன்றிய இவையே பின்னாளில் பாராலிம்பிக் போட்டிகளாக வளர்ந்தன.

பின்னணி

தண்டுவடம் மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்திகளைக் கடத்துகிறது. அது சிதைந்தால், காயத்துக்குக் கீழுள்ள பகுதிகளில் அசைவும் உணர்வும் குறைகின்றன அல்லது முற்றிலும் அற்றுப்போகின்றன. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வாறு காயமுற்றோரில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் இறந்தனர். பல வேளைகளில் இறப்புக்குக் காரணம் காயம் அன்று. ஒரே நிலையில் படுத்திருப்பதால் உண்டாகும் படுக்கைப்புண்ணும், சிறுநீர் முழுமையாக வெளியேறாததால் உண்டாகும் தொற்றுமே ஆகும். இவை இரண்டும் தடுக்கக்கூடியவை.

குட்மனின் அணுகுமுறை

லுட்விக் குட்மன் (1899 - 1980) செருமனியில் பணியாற்றிய யூத நரம்பியல் மருத்துவர். நாட்சிகளின் ஒடுக்குமுறையால் 1939 இல் இங்கிலாந்தில் குடியேறினார். 1944 பெப்ரவரி 1 அன்று ஸ்டோக் மாண்டவில்லில் திறக்கப்பட்ட தண்டுவடக் காயப் பிரிவுக்கு அவர் பொறுப்பேற்றார். நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், புரட்டிப் படுக்கவைக்கும் முறையை அவர் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தினார்.

உயிர் பிழைத்தோர் எவ்வாறு வாழ்வது என்பது அடுத்த சிக்கலாக இருந்தது. இதற்காகத் தொழிற்பயிற்சியுடன் விளையாட்டும் அன்றாடச் சிகிச்சையில் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து போலோ ஆடினர். பின்னர் கூடைப்பந்தாட்டம் அதன் இடத்தைப் பெற்றது. வில்வித்தை பின்வரும் காரணங்களால் சிறப்பிடம் பெற்றது:

* வில்லை இழுப்பது தோள், கை, முதுகுத் தசைகளை வலுப்படுத்துகிறது. நாற்காலியைத் தள்ளவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் இத்தசைகளே தேவை.
* சாயாமல் அமர்ந்திருக்கும் சமநிலையைப் பழக்குகிறது.
* நடக்க இயலாதவரும் நடக்க இயன்றவருடன் சமமாகப் போட்டியிடலாம்.

வளர்ச்சி

* 1948: இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய சூலை 29 அன்றே முதற்போட்டி நடைபெற்றது. காயமுற்ற முன்னாள் படைவீரர், வீராங்கனைகள் 16 பேர் வில்வித்தையில் பங்கேற்றனர்.
* 1952: நெதர்லாந்து அணி பங்கேற்றதால் பன்னாட்டுப் போட்டியாயிற்று.
* 1960: உரோமில் 23 நாடுகளைச் சேர்ந்த சுமார் 400 பேர் பங்கேற்றனர். இதுவே முதல் பாராலிம்பிக்காகக் கருதப்படுகிறது.
* 1972: எய்டெல்பெர்க் போட்டியில், 1965 ஆம் ஆண்டுப் போரில் காயமுற்ற முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் இதுவே.
* 1976: தொரொன்டோவில் கை கால் இழந்தோரும் பார்வையற்றோரும் சேர்க்கப்பட்டனர்.
* 1989: பன்னாட்டுப் பாராலிம்பிக் குழு நிறுவப்பட்டது.

இன்றைய பரிந்துரைகள்

உலக சுகாதார அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மாற்றுத்திறனாளிகளான வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடல் இயக்கத்திலும், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியிலும் ஈடுபடலாம். சிறுவர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. இந்த அளவை எட்ட இயலாதோர்க்குச் சிறிதளவு இயக்கமும் பயன் தரும்; குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே முறையாகும்.

தண்டுவடக் காயமுற்றோர் சிலவற்றில் கவனம் செலுத்த வேண்டும். உணர்வற்ற தோலில் உண்டாகும் புண் வலிக்காது என்பதால் பயிற்சிக்குப் பின் தோலைப் பார்வையிடல் தேவை. காயம் மேற்பகுதியில் உள்ளோர்க்கு வியர்வை குறைவதால் உடல் விரைவில் சூடேறும். அன்றாடம் நாற்காலியைத் தள்ளும் தோள்களுக்கு ஓய்வும் வேண்டும்.

தடைகள்

பலரை விளையாட்டிலிருந்து விலக்குவது உடற்குறை மட்டுமன்று. படிக்கட்டுகள் மட்டுமே உள்ள அரங்குகள், விளையாட்டுக்கேற்ற சக்கர நாற்காலியின் விலை, பயிற்றுநர் இன்மை, குடும்பத்தினரின் அச்சம் ஆகியவையும் தடைகளாகின்றன. பள்ளிகளில் உடற்பயிற்சி வேளையில் மாற்றுத்திறனாளி மாணவரை வகுப்பறையில் அமரவைப்பதும் இத்தகையதே. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் (2006) 30 ஆம் உறுப்புரை, விளையாட்டில் பங்குகொள்வதை உரிமையாக ஏற்கிறது. இந்தியா 2007 இல் இதனை உறுதிப்படுத்தியது.